பந்துதைப்போர் ஊதியம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு இளைஞர்களின் உள்ளத்துக்கும் உகந்த பொருள் ஒன்றைப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தார்கள். நம் குடியிருப்பில் சனிக்கிழமை இரவானால் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் இங்கிலாந்து நாட்டுக் கால்பந்தாட்டம் நடக்கிறது. மான்செஸ்டர் என்றும் லிவர்பூல் என்றும் ஆர்சனல் என்றும் நம் பிள்ளைகள் கட்சி கட்டிக்கொண்டு வாதிடுவதைக் கேட்டால், இவர்கள் பொருநைக் கரையார் வழிவந்தவரா, தேம்ஸ் நதிக் கரையார் வழிவந்தவரா என்ற ஐயமே எழும். அவ்வாதத்தின் நடுவே, செய்தித்தாளில் முகம் புதைத்திருக்கும் தந்தையார் ஒரு கேள்வியை வீசுகிறார்: "வாரத்துக்கு இத்தனை பணமா? ஒரு பந்தை உதைப்பதற்கா?" பிள்ளை விடை கூறுவதில்லை. கூற அறியாமையாலும் இருக்கலாம். ஆட்டம் விறுவிறுப்பான கட்டத்தில் இருப்பதாலும் இருக்கலாம். அக்கேள்வியைத்தான் நாம் இன்று எடுத்துக்கொண்டோம்.

இக்கேள்வி நம்மிடையே இத்துணை வேகத்தோடு பிறப்பதற்குக் காரணம் உண்டு. நாம் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர். ஊதியக் குழுவின் அறிக்கைக்குப் பத்தாண்டு காத்திருந்து, அகவிலைப்படி இரண்டு விழுக்காடு உயர்ந்ததா மூன்று விழுக்காடு உயர்ந்ததா என்று மாடிப்படியில் நின்று விவாதிக்கும் மக்கள். பிறர் சம்பளம் நம் காதில் உரக்கவே விழும். மான்செஸ்டர் சிட்டி கழகத்தின் ஹாலண்டு என்னும் நார்வே நாட்டு இளைஞர் 2025 ஜனவரியில் செய்துகொண்ட ஒப்பந்தம் 2034 வரை நீள்வது. வாரத்துக்கு 5 லட்சம் பவுனுக்கு மேல் அவருக்குக் கிடைக்கும் என்று பத்திரிகைகள் எழுதின. (தாய்மார்கள் திகைக்க வேண்டா, இப்பவுன் நகைக்கடைப் பவுனன்று, ஆங்கில நாணயம். நகைக்கடைப் பவுனாக இருந்திருப்பின் அக்கழகம் ஒரே வாரத்தில் இழுத்து மூடப்பட்டிருக்கும்!)

இத்தொகையைக் கண்டு வியப்பவர்கள், இதே நாட்டில், இதே ஆட்டத்தில், ஓர் ஆட்டக்காரன் வாரத்துக்கு 20 பவுனுக்கு மேல் ஒரு காசும் பெறக்கூடாது என்று விதி இருந்ததை அறிந்தால் மேலும் வியப்பார்கள். நாம் முதலில் சொல்ல விரும்புவது அந்தக் கதையையே. அது பணத்தின் கதை மட்டுமன்று. வேலை செய்பவனுக்கும் வேலை கொடுப்பவனுக்கும் இடையே நடந்த நெடிய வழக்கின் கதை.

இங்கிலாந்தில் பணம் பெற்றுக்கொண்டு பந்தாடலாம் என்று கால்பந்துச் சங்கம் ஒப்புக்கொண்டது 1885-ஆம் ஆண்டில். அதற்கு முன்னரும் பணம் கைமாறாமல் இல்லை. மேசைக்கு மேலே நடவாதது மேசைக்குக் கீழே நடந்தது. 1888-இல் பன்னிரண்டு கழகங்கள் கூடி லீக் அமைத்தன. ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் சனிக்கிழமைப் பிற்பகலில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். கூட்டம் பெருகவே ஆட்டக்காரன் விலையும் பெருகியது. அதைக் கண்ட அதிகாரிகள் 1901-இல் ஓர் உச்சவரம்பு கட்டினார்கள்: வாரத்துக்கு 4 பவுன், அதற்கு மேல் கூடாது. அக்காலத்துத் தொழிலாளியின் கூலியை நோக்க அது குறைவான தொகையன்று என்பதையும் நடுநிலையோடு சொல்லிவிட வேண்டும். ஆயினும் மிகச் சிறந்த ஆட்டக்காரனுக்கும் அதுவே முடிவான எல்லை.

இதைவிடக் கொடியது மற்றொரு விதி. ஆட்டக்காரனின் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அவன் பெயர்ப்பதிவு பழைய கழகத்தின் கையிலேயே இருந்தது. கழகம் விடுவிக்காவிட்டால் அவன் வேறு எங்கும் ஆட முடியாது. பழைய கழகமோ அவனுக்குச் சம்பளம் கொடுக்கவும் கடமைப்பட்டதன்று. நம்மில் ஒருவர் ஓர் அலுவலகத்தை விட்டு நீங்கிய பின், 'இந்நாட்டில் இனி எந்த அலுவலகத்திலும் நீர் எம் அனுமதியின்றிப் பேனா பிடிக்கக் கூடாது. எம்மிடமும் உமக்குச் சம்பளமில்லை' என்று பழைய அதிகாரி சொன்னால் எவ்வாறிருக்கும்? அதுவே அவர்கள் நிலை.

இவற்றை எதிர்த்து எழுந்தவர்களுள் பில்லி மெரிடித் என்பவரை நினைவுகூர வேண்டும். வேல்சு நாட்டவர், சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர், வாயில் பல்குத்தும் குச்சியைக் கடித்தவாறே பந்தாடும் விசித்திரப் பழக்கமுடையவர். 1907-இல் மான்செஸ்டர் நகரில் ஆட்டக்காரர் சங்கம் தோன்றியபோது முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். 1909-இல், சங்கத்தை விட்டு விலகாதவர் ஆடலாகாது என்று மேலிடம் உத்தரவிட்டது. பிறர் பணிந்தபோதும் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் பணியவில்லை. 'ஒதுக்கப்பட்டோர் கழகம்' என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டு பயிற்சி செய்தார்கள். இறுதியில் சங்கத்துக்கு ஏற்பு கிடைத்தது, உச்சவரம்போ அசையவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆட்டக்களங்கள் நிரம்பி வழிந்தன. 1948-49-ஆம் பருவத்தில் மட்டும் 4 கோடியே 12 லட்சம் பேர் நுழைவுச் சீட்டு வாங்கி லீக் ஆட்டங்களைக் கண்டார்கள். அப்பொழுது உச்சவரம்பு 12 பவுன். போருக்கு முன் அது 8 பவுன். தொழிலாளியின் சராசரிக் கூலியைப் போல ஏறத்தாழ இருமடங்கு. 1958-இல் 20 பவுன் ஆயிற்று. ஆனால் அதற்குள் தொழிலாளியின் கூலி 15 பவுனை நெருங்கிவிட்டது. அதாவது, தொழிலாளியின் கூலியோடு ஒப்பிட்டால், ஆடுபவன் நிலை தாழ்ந்தது. அந்தப் பணமெல்லாம் எங்கே சென்றது என்று கேட்க அன்று ஆட்டக்காரர் சங்கத்தைத் தவிர நாதியில்லை.

பிரஸ்டன் நகரத்து டாம் ஃபின்னி, உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர். தண்ணீர்க் குழாய் பொருத்தும் தொழிலையும் கைவிடாமல் செய்துவந்தார். 1952-இல் இத்தாலி நாட்டுப் பலெர்மோ கழகம் அவரை அழைத்தது. கையெழுத்திடவே 10,000 பவுன்; மாதச் சம்பளம் 130 பவுன்; குடியிருக்க மாளிகை, ஏறிச்செல்லக் கார். பிரஸ்டன் கழகத் தலைவர் மறுத்துவிட்டார். ஆடினால் எமக்கு ஆடு, இல்லையேல் ஒருவருக்கும் ஆடாதே என்பதே அவர் விடையின் சாரம். ஃபின்னி தம் ஊரிலேயே இருந்து, குழாயும் பொருத்தி, பந்தும் ஆடி, ஊரார் அன்போடு முதுமை எய்தினார். அந்த அன்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதைக் காட்டி ஒரு மனிதனின் உழைப்புக்கு விலையில்லை என்று சொல்லிவிடுவது தகாது.

1957-இல் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமை ஜிம்மி ஹில் என்னும் தாடிக்காரரிடம் வந்தது. ஃபுல்லாம் கழகத்து ஆட்டக்காரர், நாவன்மை மிக்கவர். உச்சவரம்பை நீக்காவிடில் வேலை நிறுத்தம் என்று ஊர் ஊராகக் கூட்டம் கூட்டினார். மான்செஸ்டரில் நடந்த கூட்டத்தில் ஓர் இளைஞன் எழுந்து, தன் தந்தை சுரங்கத்தில் படும் பாட்டை நோக்கத் தான் பெறும் ஊதியமே மிகுதி என்றானாம். அதற்குப் போல்ட்டன் கழகத்து டாமி பேங்க்ஸ் அளித்த விடை இன்றளவும் பேசப்படுகிறது. தானும் சுரங்கத்தில் உழைத்தவன், அவ்வுழைப்பின் கடுமையை அறிந்தவன் என்று தொடங்கி, ஆனால் உன் தந்தை கரி வெட்டுவதைக் காண முப்பதாயிரம் பேர் சீட்டு வாங்கி வருவதில்லை, ஸ்டான்லி மாத்யூசை நான் தடுக்க முயல்வதைக் காண வருகிறார்களே என்ற கருத்துப்படப் பேசினார். அவை அதிர்ந்தது. நம் வீட்டுத் தந்தையார் கேள்விக்கு முதல் விடை அன்றே கொடுக்கப்பட்டுவிட்டது என்று நாம் கருதுகிறோம். உழைப்பின் கடுமைக்கும் ஊதியத்துக்கும் உள்ள தொடர்பு நாம் விரும்பும் அளவுக்கு நெருக்கமானதன்று. ஊதியத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் வாயிலில் வசூலாகும் பணமும், அதில் பங்கு கேட்கும் வலிமையுமே.

1961 ஜனவரி 18-ஆம் நாள், வேலை நிறுத்தம் தொடங்கச் சில நாட்களே இருக்கையில், உச்சவரம்பு நீக்கப்பட்டது. ஃபுல்லாம் கழகத் தலைவர் டாமி டிரிண்டர் மேடையில் மக்களைச் சிரிக்கவைக்கும் தொழிலினர். ஜானி ஹெய்ன்ஸ் நூறு பவுன் பெறத் தக்கவர் என்று முன்பு பெருமை பேசியிருந்த அவர், சொன்ன சொல்லைக் காக்க வேண்டியவரானார். இங்கிலாந்தின் முதல் நூறு பவுன் ஆட்டக்காரர் ஹெய்ன்ஸ்! 1963-இல் ஜார்ஜ் ஈஸ்ட்டம் தொடுத்த வழக்கில் நீதிபதி வில்பர்போர்சு, ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஆட்டக்காரனைப் பிடித்துவைக்கும் விதி தொழில் செய்யும் உரிமையை நியாயமற்ற முறையில் தடுப்பது என்று தீர்ப்பளித்தார். ஈஸ்ட்டம் அதற்கு முன் நியூகாசில் கழகத்துக்கு ஆட மறுத்து, தென் இங்கிலாந்து சென்று, தக்கை விற்று வயிறு வளர்த்தவர். தக்கை விற்றவர் வென்றார்.

இதுவரை சொன்னது நீதியின் கதை. நாம் தயக்கமின்றி ஆட்டக்காரர் பக்கம் நிற்கிறோம். இதற்குப் பின் வருவது அத்துணை எளிதன்று.

பெல்ஜியம் நாட்டில் போஸ்மன் என்றொரு நடுத்தர ஆட்டக்காரர். 1990-இல் ஒப்பந்தம் முடிந்ததும், அவருடைய லியேஜ் கழகம் பழைய ஊதியத்தில் ஏறக்குறைய கால்பங்கே தருவதாகச் சொல்லிற்று. அவர் பிரான்சு நாட்டு டன்கெர்க் கழகத்துக்குச் செல்ல விரும்பினார். மாற்றுத் தொகை குறித்த சிக்கலால் அதுவும் கைகூடவில்லை. ஐந்தாண்டு வழக்காடினார். 1995 டிசம்பர் 15-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஒப்பந்தம் முடிந்தவன் மாற்றுத் தொகையின்றி ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு நாட்டுக் கழகத்துக்குச் செல்லலாம், ஒன்றியத்துக் குடிகளை அயல்நாட்டார் என்று எண்ணிக்கையில் கட்டுப்படுத்தவும் கூடாது.

ஊதியம் வானளாவ உயர்ந்ததற்கு இத்தீர்ப்பு எவ்வாறு காரணமாயிற்று என்பதைச் சற்று விளக்குவோம். முன்பு ஒரு கழகம் மற்றொரு கழகத்தின் ஆட்டக்காரரைப் பெற வேண்டின், பெருந்தொகை பழைய கழகத்துக்குச் சென்றது. இப்பொழுது ஒப்பந்தம் தீரும்வரை பொறுத்திருந்தால் அத்தொகை தேவையில்லை. தேவையில்லாத அத்தொகையை ஆட்டக்காரர் தம் சம்பளத்தில் சேர்த்துக் கேட்கிறார். புதிய கழகமும் கொடுக்கிறது. 1999-இல் மக்மனமன் லிவர்பூலை விட்டு ரியல் மாட்ரிட் சென்றபோது, சிறுவயது முதல் அவரை வளர்த்த லிவர்பூலுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. அவ்வச்சத்தாலேயே, கையிலுள்ள ஆட்டக்காரரை இழக்க விரும்பாத கழகம் ஒப்பந்தம் முடிய இரண்டாண்டு இருக்கும்போதே சம்பளத்தை உயர்த்திப் புது ஒப்பந்தம் நீட்டுகிறது. ஒருவருக்கு உயர்த்தினால் ஆடையறையில் பக்கத்து இருக்கையில் இருப்பவரும் கேட்கிறார். அலுவலகத்தில் பணியாற்றும் நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா? வழக்கை வென்ற போஸ்மனோ அதனால் செல்வர் ஆகவில்லை. மனச்சோர்வுக்கும் குடிக்கும் இரையாகிப் பல்லாண்டு துன்புற்றார். மரம் நட்டவர் ஒருவர், கனி உண்டவர் வேறு.

இரண்டாவது காரணம் தொலைக்காட்சி. 1992-இல் இங்கிலாந்தின் முதல்நிலைக் கழகங்கள் தனியே பிரிந்து பிரிமியர் லீக் அமைத்தபோது, உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை ஐந்தாண்டுக்கு 30 கோடியே 40 லட்சம் பவுன் மதிப்புடையது என்று அறிவிக்கப்பட்டது. அது கேட்டு அன்று வாய்பிளந்தார்கள். 2016 முதல் மூன்றாண்டுக்கு 513 கோடி பவுன். 2025 முதல் நான்காண்டுக்கு 670 கோடி பவுன். ஆண்டுக்கணக்கில் பார்த்தால் 1992-இன் தொகையைப் போல 27 மடங்கு. வெளிநாட்டு உரிமைப் பணம் தனி. அவ்வெளிநாட்டுப் பணத்தில் நம் குடியிருப்பின் மாதச் சந்தாவும் ஒரு துளி. ஆகவே ஹாலண்டு பெறும் சம்பளத்தில் நம் காசும் உண்டு என்பதைத் தந்தையார் மறந்துவிடலாகாது!

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஷெர்வின் ரோசன் 1981-இல் இதற்குரிய கோட்பாட்டை வகுத்தார். ஒருவருடைய திறமையை ஒரே சமயத்தில் எத்தனை பேர் நுகர முடியும் என்பதைப் பொறுத்தே அவர் வருவாய் அமைகிறது. நுகர்வோர் பெருகினால், முதல்வருக்கும் இரண்டாமவருக்கும் திறமையில் உள்ள வேறுபாடு சிறிதாயினும் வருவாயில் வேறுபாடு மலையளவாகும் என்றார். நமக்கு இதற்குச் சான்று தேட அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. நாடக மேடையில் பாடிய கே. பி. சுந்தராம்பாள் 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' திரைப்படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் பெற்றார். குரல் அதே குரல்தான். மேடையின் எல்லையைத் திரை உடைத்துவிட்டது.

மூன்றாவது காரணம் கழக உரிமையாளரின் மனப்பான்மை. மளிகைக் கடைக்காரர் இலாபத்துக்காகக் கடை நடத்துகிறார். கால்பந்துக் கழகத்தை வாங்கும் செல்வர்களுள் பலர் வெற்றிக்காக நடத்துகிறார்கள். சம்பளத்துக்கு மிகுதியாகச் செலவிடும் கழகமே பட்டியலில் மேலே நிற்பதை ஸ்டெஃபான் ஷிமன்ஸ்கி என்ற பொருளியலறிஞர் கணக்கிட்டுக் காட்டியுள்ளார். 2016-இல் லெஸ்டர் கழகம் வாகை சூடியது போன்றவை அரிய விதிவிலக்கு. மேலும், பட்டியலின் அடியில் நிற்கும் மூன்று கழகங்கள் ஆண்டுதோறும் கீழ்நிலைக்குத் தள்ளப்படுகின்றன. தள்ளப்பட்டால் தொலைக்காட்சிப் பணம் பறிபோகும். அவ்வச்சத்தால் இருப்பதற்கு மேலும் செலவு செய்கிறார்கள். இரண்டாம் நிலை லீகில், வருமானம் முழுவதையும் கொடுத்தாலும் சம்பளத்துக்குப் போதாத ஆண்டுகள் பல கழிந்துள்ளன. ஐ.பி.எல். கிரிக்கெட்டில் ஏலத்துக்கு முன்பே ஒவ்வோர் அணிக்கும் பணப்பையின் அளவு வரையறுக்கப்படுகிறது. தோற்ற அணி தள்ளப்படுவதும் இல்லை. ஆதலின் அங்கே கடிவாளம் எளிது. கால்பந்தில் ஒரு நாடு கடிவாளம் போட்டால் ஆட்டக்காரர் அடுத்த நாட்டுக்குக் கப்பலேறுவர்.

இப்பந்தயத்தில் இடறி விழுந்தவர்களையும் பார்க்க வேண்டும். லீட்ஸ் கழகம் கடன் வாங்கி ஆட்டக்காரர்களைக் குவித்தது. 2001-இல் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி வரை சென்றது. 2004-இல் கீழ்நிலைக்கு விழுந்தது. விற்றுவிட்ட ஆட்டக்காரர் வேறு கழகத்தில் ஆடும்போதும் அவர் சம்பளத்தில் ஒரு பகுதியை லீட்ஸே கொடுத்துவந்த விந்தையும் நடந்தது. கணக்குப் பார்த்தபோது, தலைவர் அறையில் வளர்ந்த தங்கமீன்களுக்கு மாதம் 20 பவுன் வாடகை கொடுத்ததும் வெளிப்பட்டது. ஒரு காலத்தில் ஃபின்னி போன்றோரின் வாரச் சம்பளம் அது!

லீட்ஸ் பெரிய கழகம், மீண்டெழுந்தது. பரி என்ற சிற்றூர்க் கழகத்தின் கதி வேறு. தொழில்முறை ஆட்டம் ஏற்கப்பட்ட அதே 1885-இல் பிறந்தது அது. இருமுறை நாட்டின் கோப்பையை வென்றது. 1903 இறுதியாட்டத்தில் டெர்பியை ஆறு பந்துக்கு ஒன்றுமில்லாமல் தோற்கடித்தது. 2019-இல் அதன் ஆட்டக்காரர்கள் பல வாரம் சம்பளமே பெறாமல் ஆடி மேல்நிலைக்கு உயர்ந்தார்கள். உயர்ந்த கழகம் புதிய பருவத்தில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. கணக்கு நேராகும் என்று நம்பி ஊர் மக்கள் துடைப்பமும் வாளியுமாகக் களத்தைத் தூய்மை செய்துகொண்டிருந்தார்கள். அன்றே, ஆகஸ்டு 27-ஆம் நாள், லீகிலிருந்து பரி நீக்கப்பட்டது. தாத்தா, தந்தை, மகன் என்று ஒரே மேடையில் அமர்ந்து ஆட்டம் பார்த்த குடும்பங்களுக்குச் சனிக்கிழமை இல்லாமற் போயிற்று. ஊதியம் உயர்வதைப் பற்றிக் கவலை கொள்வோர் ஹாலண்டின் மாளிகையை எண்ணிக் கவலை கொள்ள வேண்டியதில்லை. இக்குடும்பங்களை எண்ணிக் கவலை கொள்ளலாம்.

குறை கூறுவோர் பெரும்பாலும் தவறான வாசலில் நின்று கூவுகிறார்கள். 2020 ஏப்ரலில், பெருந்தொற்றின் கொடுமையின்போது, கால்பந்தாட்டக்காரர்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று இங்கிலாந்தின் சுகாதார அமைச்சர் அறிவுரை கூறினார். கழக உரிமையாளர்களை அவர் அவ்வாறு கேட்டதாகத் தெரியவில்லை. ஆட்டக்காரர்களோ சில நாட்களுக்குள் தாமே கூடி மருத்துவ ஊழியர் நலனுக்கு நிதி திரட்டத் தொடங்கினர். செவிலியர்க்கும் ஆசிரியர்க்கும் ஊதியம் குறைவு என்பது உண்மை. ஆனால் ஹாலண்டின் சம்பளத்தைக் குறைத்தால் அது செவிலியரிடம் சேராது; கழக முதலாளியிடம் சேரும். 1901 முதல் 1961 வரை நடந்தது அதுவே.

2023-24 பருவத்தில் பிரிமியர் லீகின் இருபது கழகங்கள் சம்பளமாகக் கொடுத்தது ஏறத்தாழ 400 கோடி பவுன். தரகர்களுக்குக் கொடுத்தது ஓராண்டில் 40 கோடி பவுனுக்கு மேல். (இத்தரகுக் கூலியைப் பற்றி யாரும் வாய் திறவாதது நமக்கு விளங்கவில்லை.) இதை அடக்க விதிகள் இல்லாமல் இல்லை. மூன்றாண்டில் 10 கோடியே 50 லட்சம் பவுனுக்கு மேல் நட்டம் கூடாதென்ற விதியை மீறியதற்காக எவர்ட்டன் கழகத்துக்கு 2023-24-இல் புள்ளிகள் வெட்டப்பட்டன. 2025 நவம்பரில், அணிச் செலவு வருமானத்தில் 85 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும் என்று கழகங்கள் வாக்களித்தன. எல்லாக் கழகங்களுக்கும் ஒரே உச்ச எல்லை வகுக்கும் மற்றொரு தீர்மானமோ தோற்றது. 1961-இல் புதைத்ததைத் தோண்டியெடுப்பதா என்று ஆட்டக்காரர் சங்கம் அதை முன்பே எதிர்த்திருந்தது. வருமானத்தோடு செலவைக் கட்டுவது நல்லதே எனினும், பெரிய வருமானமுள்ள கழகம் என்றும் பெரியதாகவே இருக்க அது வழி செய்கிறது என்ற குற்றச்சாட்டை நாம் எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

தாய்மார்கள் நிறைந்த அவையில் மகளிர் ஆட்டத்தைச் சொல்லாமல் விடுவது முறையன்று. ஃபின்னி பிறந்த அதே பிரஸ்டனில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் ஓர் அணி அமைத்தனர். 1920 டிசம்பர் 26-இல் லிவர்பூலில் அவர்கள் ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டே, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறிக் கழகக் களங்களை அவர்களுக்கு மூடிவிட்டது கால்பந்துச் சங்கம். அக்கதவு திறக்க ஏறக்குறைய ஐம்பதாண்டு ஆயிற்று. இங்கிலாந்துக் கழகங்களுக்கிடையே ஆடவர் ஒருவருக்காக முதன்முதலில் பத்து லட்சம் பவுன் மாற்றுத் தொகை பேசப்பட்டது 1979-இல், டிரெவர் பிரான்சிஸ் என்பவருக்கு. பெண்ணொருத்திக்காக, ஒலிவியா ஸ்மித் என்பவருக்காக, ஆர்சனல் அத்தொகை கொடுத்தது 2025 ஜூலையில். இடையே நாற்பத்தாறு ஆண்டு.

இனி நம் நாடு. 1911-இல் மோகன் பகான் அணியினர், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, ஆங்கிலேயப் படை அணியை வென்ற வரலாறு அனைவரும் அறிந்ததே. அதன்பின் நெடுங்காலம் இந்திய ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டது பந்தன்று. இரயில்வேயிலோ துறைமுகத்திலோ வங்கியிலோ காவல் துறையிலோ கிடைத்த வேலை. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன் ஐ. எம். விஜயன், இந்தியாவின் மாபெரும் ஆட்டக்காரராக வளர்ந்தாலும், முதலில் காலூன்றியது கேரளக் காவல் துறை வேலையில்தான். 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் வந்தபோது நிலை மாறிற்று. பந்தாடியே வீடு கட்டலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. இளைஞர் பலர் வேலை ஒதுக்கீட்டை நாடாமல் ஒப்பந்தத்தை நாடினர்.

2025 ஜூலையில், ஒளிபரப்பு மற்றும் வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத காரணத்தால், அந்த லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூருக் கழகம் முதலணியின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னைக் கழகமும் தன் பணிகளை நிறுத்திவைத்தது. பருவம் உரிய காலத்தில் தொடங்கவில்லை. இங்கிலாந்தில் ஊதியம் ஏன் ஏறுகிறது என்று நாம் இங்கே வாதிடும் அதே ஆண்டில், நம் நாட்டு ஆட்டக்காரர் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

நம் குடியிருப்புப் பிள்ளைகளில் சிலர் பயிற்சிக் கழகங்களுக்குச் செல்ல விரும்புகிறார்கள். பெற்றோர் சிலர் நம்மிடம் கருத்தும் கேட்டார்கள். வேண்டா என்று நாம் சொல்லவில்லை. ஒப்பந்தம் எழுத்தில் உள்ளதா, எத்தனை ஆண்டுக்கு, காயமுற்றால் மருத்துவச் செலவு யாருடையது, லீக் நின்றால் சம்பளம் நிற்குமா, பள்ளிப் படிப்பு தொடருமா என்று கேளுங்கள். பைச்சுங் பூட்டியா முதல் தலைவராக இருந்த இந்திய ஆட்டக்காரர் சங்கம் 2006 முதல் இருக்கிறது. பிள்ளை கையெழுத்திடுமுன் அச்சங்கத்தாரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

நேரம் கடந்துவிட்டது; அடுத்து நாட்டியம் ஆடக் குழந்தைகள் சலங்கை கட்டிக்கொண்டு நெடுநேரமாகக் காத்திருக்கிறார்கள்.